கையைப் பிடித்தால் பயம் ஏன் குறைகிறது?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் ஒரு பெண் படுத்திருக்கிறார். கணுக்காலில் மின்முனை. திரையில் ஒரு குறி தோன்றினால் அடுத்த சில நொடிகளில் ஷாக் அடிக்கலாம். ஜேம்ஸ் கோனும் சக உளவியலாளர்களும் திருமணமான 16 பெண்களிடம் நடத்தி, 2006-இல் வெளியிட்ட ஆய்வு இது. தனியாக இருந்தபோது அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் மும்முரமாயின. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்தபோது ஓரளவு தணிந்தன. கணவரின் கையைப் பிடித்தபோது நன்றாகவே தணிந்தன. மணவாழ்க்கை நிறைவாக இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கடைசித் தகவல்தான். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தால், மூளை ஆபத்தையே சிறிதாகக் கணக்கிடுகிறது என்கிறார் கோன். அப்படியென்றால், அடிபட்டு எழும் மீள்திறனைத் தனி ஆளின் மன உறுதியாக மட்டும் பேசுவது போதாது.

பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் பலருக்கு இந்தத் துணை சட்டென்று விட்டுப்போகிறது. பழைய உறவுகள் தொலைவில். புதியவை இன்னும் முகப்பழக்க அளவில். நிதானப்படுத்த உதவும் முன்மூளைப் புறணியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் என்ன, "ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்துச் சமாளிக்கிறார்கள்.

சமாளிப்பதற்கு விலை உண்டு. எமிலி பட்லர் குழுவின் 2003 ஆய்வில், அறிமுகமில்லாத இரண்டு பெண்கள் மனதைக் கலக்கும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் உணர்ச்சியை மறைத்தபோது, எதிரில் இருந்தவருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. இருவருக்கும் இடையே ஒட்டுதல் குறைந்தது. சஞ்சய் ஸ்ரீவஸ்தவா குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களைப் பின்தொடர்ந்தது. உணர்ச்சியை மறைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் பருவ இறுதியில் ஆதரவும் நெருக்கமும் குறைவாகவே கிடைத்திருந்தன. துணை மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அது எட்டிப்போகிறது. இதை ஒவ்வொரு புது மாணவரிடமும் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, வாய்விட்டுச் சொன்னால்? முகப் படங்களில் தெரியும் கோபத்தையும் பயத்தையும் பெயர் சொல்லிக் குறித்தபோது, அச்சத்தைக் கிளப்பும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்ததை மத்தியூ லீபர்மன் குழு 2007-இல் காட்டியது. "பயமா இருக்கு" என்பதும் அப்படிப் பெயரிடுவதுதான். கேட்பவர் தீர்வு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கோனின் ஆய்வில் கணவர்கள் ஷாக்கைத் தடுக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு மட்டுமே இருந்தார்கள்.