வளைவில் ரப்பர் போடும் கணக்கு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வளைவில் வெளிப்பக்க முன் டயர் கீச்சிடுகிறதே, வண்டி சாய்வதால்தானா? ஸ்பிரிங்கை இறுக்கமாக்கினால் சரியாகுமா?

சாய்வு குற்றவாளி அல்ல. டயர்கள் வண்டியை உள்நோக்கி இழுப்பது தரைமட்டத்தில். ஈர்ப்பு மையம் இருப்பதோ அரை மீட்டர் மேலே. இதனால் பிறக்கும் திருப்புவிசை உள்பக்கச் சுமையை வெளிப்பக்கத்தில் ஏற்றுகிறது. ஆட்களோடு 1000 கிலோ கார், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர், வளைவின் ஆரம் 10 மீட்டர், வேகம் மணிக்கு 28 கி.மீ. என்றால் பக்கவாட்டு முடுக்கம் சுமார் 0.6 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு. இடம் மாறும் சுமை 1000 × 0.6 × 0.5 ÷ 1.5 = 200 கிலோ. பக்கத்துக்கு 500 என்றிருந்தது 700, 300 ஆகிறது. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்குமே வரவில்லை.

சுமை இப்படி இடம் மாறினால் என்ன நஷ்டம்? பள்ளிச் சூத்திரப்படி உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பைச் சுமையால் வகுத்தால் வரும் எண், மாறிலி. அப்படியானால் உள் டயர் இழந்ததை வெளி டயர் முழுதாக ஈட்டிவிட வேண்டும். ஆனால் ரப்பர் அந்தச் சூத்திரத்துக்கு அடங்குவதில்லை. இந்தப் பாடத்தில் மிக அழகான இடம் இதுதான்.

டயர் சாலையில் முழுதாகப் படிவதில்லை. ஜல்லியின் முனைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. சுமை ஏற ஏற ரப்பர் முனைகளுக்கு இடையே பிதுங்கிப் புதிய இடங்களைத் தொடும். எளிதில் தொடக்கூடிய இடங்கள் முதலிலேயே தீர்ந்துவிடுவதால், அடுத்த 100 கிலோவுக்குக் கிடைக்கும் புதுத் தொடுபரப்பு முந்தைய 100 கிலோவுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. சுமை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல.

ஒரு பேச்சுக்கு, 250 கிலோவில் குணகம் 1.00, ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 0.05 குறைகிறது என்று வைப்போம். ஓர் ஆக்சிலில் (முன் அல்லது பின் சக்கர இணையில்) டயருக்கு 250, 250 கிலோ இருந்தால் பிடிப்பு 500. அதுவே 350, 150 ஆனால் 332.5 + 157.5 = 490. அந்த 200 கிலோ இடமாற்றத்தில் 140ஐ முன் ஆக்சிலும் 60ஐப் பின் ஆக்சிலும் ஏற்றால், முன்னால் 480, பின்னால் 496. முன்பக்கம்தான் முதலில் வழுக்கும்.

இந்தப் பங்கைத் தீர்மானிப்பவை ஸ்பிரிங்கும், இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் முறுக்குக் கம்பியான ஆன்டி ரோல் பாரும். எந்த ஆக்சில் சாய்வை அதிகம் எதிர்க்கிறதோ அது பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும். சாலைக் கார்களில் முன்பக்கத்துக்கு அதிகம் கொடுப்பது திட்டமிட்ட பாதுகாப்பு: முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தியே பெரும்பாலும் மீளலாம், பின்பக்கம் வீசினால் பழக்கமில்லாதவருக்கு அது முடியாது. பின்னால் மட்டும் தடித்த பார் மாட்டுவது இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடும். காயில் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது அதைவிட மோசம். வளைவின் நடுவே பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் அமுங்கும் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) முட்டும், அந்த ஆக்சிலின் விறைப்பு நொடியில் எகிறும், சுமை வெளி டயரில் மொத்தமாக இறங்கும்.

ஓட்டுநர் உரிமத்துக்கு வண்டியை ஊர்ந்து ஓட்டிக் காட்டினால் போதும் என்றிருப்பது பெரிய குறை. அந்த வேகத்தில் இவை எதுவும் புலப்படாது. கூரையில் மூட்டை கட்டினால் ஈர்ப்பு மையம் உயரும், இடமாற்றமும் கூடும். கனமானதை டிக்கியில் தாழ்வாக வையுங்கள். காற்றழுத்தத்தை டயர் சூடேறும் முன் பாருங்கள். குறைந்திருந்தால் வெளி டயரின் பக்கச்சுவர் மடிந்து, ஓரம் மட்டும் தேயும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும் வேலையை வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உள்ளே போனபின் பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின் ஆக்சிலின் சுமையும் முன்னுக்கு ஓடிவிடும். ஏற்கெனவே லேசாகியிருக்கும் உள்பக்கப் பின் டயரிடம் சாலையைப் பிடிக்க ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.