எடிட்டிங் சிஸ்டம் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கேமரா ஃபைலைத் திறந்து பாருங்கள்

ஆடி பிறந்தால் கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வீடியோ எடுப்பவர்களைத் தவிர மற்றவர்கள் சும்மா இருக்கும் மாதம் அது. ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் சிஸ்டத்தை மாற்றிவிட வேண்டும் என்று, சிஸ்டம் போட்டுத் தரும் எங்களிடம் வருவார்கள். வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கிராபிக்ஸ் கார்டு 4060 போதுமா, 4070 போட்டுக்கலாமா?"

நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த கேமராவில் எடுக்கிறீர்கள், எந்த செட்டிங்கில்?" கேமராவின் பெயரை உடனே சொல்லிவிடுவார்கள். செட்டிங் என்றால்தான் தடுமாற்றம். எடுக்கிறவர் ஒருவர், எடிட் செய்கிறவர் இன்னொருவர், பணம் போடுகிற ஓனர் வேறு ஒருவர் என்றிருக்கும் இடத்தில் இது சகஜம். ஆனால் எந்தப் பார்ட்ஸ் வாங்குவது என்பதை முடிவு செய்வதே அந்த செட்டிங்தான்.

எச்.264, எச்.265 ஃபைல்களில் வீடியோ சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். டைம்லைனில் ஓட்டும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்தாக வேண்டும். இதற்கென்றே பிராசஸரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் ஃபைல் வகை அந்தப் பகுதிக்குத் தெரிந்திருந்தால் சாதாரண சிஸ்டமே வழுக்கிக்கொண்டு போகும். தெரியாவிட்டால் மொத்தச் சுமையும் பிராசஸரின் கோர்கள் மேல் விழும், லட்ச ரூபாய் சிஸ்டம்கூடத் திக்கும்.

பிட் என்பது ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு நுணுக்கமான படிகளாகப் பிரிக்கிறது என்ற கணக்கு. 4:2:0, 4:2:2 என்பவை ஃபைலில் எவ்வளவு கலர் தகவல் இருக்கிறது என்பதைச் சொல்பவை, 4:2:2-இல் அதிகம். 8 பிட் 4:2:0 என்பது பழைய கேமராக்களும் சாதாரண மொபைல்களும் எடுப்பது. எல்லா கார்டும் அதை விரிக்கும். ட்ரோன்களில் வரும் எச்.265 10 பிட் 4:2:0-வும் சிக்கல் இல்லை. தகராறு 10 பிட் 4:2:2-வில்தான். கலர் கரெக்‌ஷனுக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் லாக் (பிறகு கலர் ஏற்றிக்கொள்ள வசதியாக வெளிறிய கலரில் பதியும் செட்டிங்) வைத்து எடுப்பது இதில்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைக் கார்டுகள் எதற்கும் 4:2:2-வை விரிக்கத் தெரியாது. 40 வரிசையில் 4060, 4070 மட்டுமல்ல, 4090-க்கும் தெரியாது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆனால் இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ், 11-ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 4:2:2-வை விரிக்கிறது. உள் கிராபிக்ஸில் இருக்கும் அந்த வீடியோ விரிக்கும் வசதியின் பெயர்தான் குவிக் சிங்க்.

ஓமலூர்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. பழைய கேனானை விற்றுவிட்டு ஆர்6 வாங்கி, சி-லாக் (கேனானின் லாக்) வைத்து எடுக்க ஆரம்பித்தார்கள். அதுவரை நன்றாக ஓடிய சிஸ்டம் திடீரென்று நகர மாட்டேன் என்றது. "ரெண்டு வருஷம்கூட ஆகலைங்க, 4060 கார்டு போட்டிருக்கு, அதுக்குள்ள போயிருச்சுன்னு 4070 போடச் சொல்றாங்க" என்றார் ஓனர். போய்ப் பார்த்தேன். பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒரு தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தேன். பிராசஸர் 100 சதவீதத்தில் நிற்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே 'வீடியோ டிகோட்' என்ற கட்டத்தில் பூஜ்யம். கார்டு வேலையே செய்யவில்லை. வேலை வந்தால்தானே செய்வதற்கு! ஆர்6-இல் சி-லாக் போட்டால் ஃபைல் எச்.265 10 பிட் 4:2:2 ஆகிவிடும். உள்ளே இருந்த பிராசஸர் ஐ5-12400எஃப். பெயர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்பதால் கேமிங் சிஸ்டங்களுக்கு எஃப் போடுவது வழக்கம். அதையே எடிட்டிங் சிஸ்டத்துக்கும் போட்டுத் தள்ளிவிட்டார்கள்.

4070 வாங்கவில்லை. மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸை அப்டேட் செய்து, அதே மதர்போர்டில் ஐ5-13500 மாட்டினோம். கார்டு இருந்தால் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில் போய் அதை ஆன் செய்தோம். பிரீமியரில் மீடியா பிரிஃபரன்ஸில் இன்டெல் டிகோடிங்குக்கு டிக் போட்டு மறுபடி திறந்தோம். அதே தாலி கட்டும் காட்சி நிற்காமல் ஓடியது. கார்டு, ராம் எதையும் தொடவில்லை.

ஏன் 13500, ஏன் சாதாரண 12400 போதாதா என்று கேட்பவர்களுக்கு: 12400-இல் இருப்பது யுஎச்டி 730 என்ற உள் கிராபிக்ஸ், அதில் வீடியோ இன்ஜின் ஒன்று. 12500, 13500 முதலானவற்றில் இருப்பது யுஎச்டி 770, அதில் இரண்டு. மூன்று கேமராவை மல்டிகேமில் ஒரே நேரத்தில் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எடியஸ் எடிட்டிங் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. குவிக் சிங்க் இல்லாத சிஸ்டத்தில் எடியஸ் எப்படி முனகும் என்று அவர்கள் பார்த்திருப்பார்கள்.

சோனிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265. எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264. எச்.264-இல் 4:2:2 வைத்து எடுத்தால் நான் மேலே சொன்ன இன்டெல் பிராசஸர்களின் உதவியும் கிடைக்காது, ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கைகொடுக்கும். எஸ்-ஐ என்று முடியும் ஆல்-இன்ட்ரா வேறு ரகம். ஃபைல் பெரிதாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக இருப்பதால் பிராசஸரே சமாளித்துவிடும். ஏஎம்டி ரைசன் நல்ல பிராசஸர், நானும் நிறையப் போட்டிருக்கிறேன். 4:2:2 எடுக்கிறவருக்கு என்றால் கூடவே ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் போடுவேன்.

உங்கள் ஃபைல் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள என்னிடம் வர வேண்டியதில்லை. மீடியாஇன்ஃபோ என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. கேமரா கார்டிலிருந்து ஒரு கிளிப்பை அதில் இழுத்துப் போட்டால் ஃபார்மேட், பிட் டெப்த், குரோமா சப்சாம்ப்ளிங் (4:2:0-வா 4:2:2-வா என்பது இதில்தான்), பிட் ரேட் எல்லாம் வந்துவிடும். அந்தப் பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிற கடைக்காரரிடம் வாங்கலாம். பார்க்காமலே கொட்டேஷன் அடிக்கிறவரிடம் யோசிக்க வேண்டும்.

பணம் இல்லை என்றால் அவசரப்பட்டு எதுவும் வாங்காதீர்கள். பிராக்ஸி, அதாவது ஒரிஜினலுக்குப் பதிலாக வைத்து வெட்டும் சின்ன நகல் ஃபைல்கள், போட்டுப் பாருங்கள். ராத்திரி சிஸ்டத்தை ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் சின்ன ஃபைல்கள் தயாராக இருக்கும், பழைய ஐ5-இலேயே வெட்டலாம். ஃபைனல் ரெண்டர் (முடித்த வீடியோவை ஃபைலாக்குவது) மட்டும் ஒரிஜினலில் போகும். கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் இதை ஏனோ கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். சினிமா எடிட்டிங்கில் காலங்காலமாக நடப்பதே இதுதான்.

ஒரு எச்சரிக்கை. '14 கோர் சர்வர் பிராசஸர், 64 ஜிபி ராம், ஐ9-க்குச் சமம்' என்று குறைந்த விலையில் சிஸ்டங்கள் சுற்றுகின்றன. திறந்து பார்த்தால் ஜியான் ஈ5-2680 வி4, 2016-இல் வந்தது. கழற்றிய சர்வரிலிருந்து எடுத்து, பெயர் தெரியாத எக்ஸ்99 போர்டில் மாட்டியிருப்பார்கள். கோர் கணக்கு உண்மைதான். ஆனால் குவிக் சிங்க் இல்லை, ஒரு கோரின் வேகமும் இன்றைய ஐ3-யைவிடக் குறைவு. எடிட்டிங்குக்கு இதை வாங்குவது டிராக்டரை வாங்கி டவுன் பஸ் ஓட்டுவது மாதிரி.

ராம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 4கே-வுக்கு 32 ஜிபி, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வேலை பார்ப்பவருக்கு 64. ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கொடுத்த காசுக்கு வேகம் வராது. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் 64 வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஸ்டோரேஜ் கணக்கை நீங்களே போடலாம். நொடிக்கு 200 மெகாபிட்டில் எடுத்தால் நொடிக்கு 25 எம்பி, மணிக்கு 90 ஜிபி. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராவில் மொத்தம் எட்டு மணி நேரம் ஓடினால் 720 ஜிபி. அதோடு அவுட்டோர் ஷூட். காலையில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகிற கார்களில் பாதி அவுட்டோர் கார்கள் என்றே எனக்குத் தோன்றும். ஆக ஒரு கல்யாணத்துக்கே ஒரு டிபி நெருங்கிவிடுகிறது. 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. விண்டோஸுக்கு ஒன்று, நடக்கிற வேலைக்கு 2 டிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி ஒன்று, முடிந்ததை வைக்க ஹார்டு டிஸ்க். அந்த ஹார்டு டிஸ்கிலும் ஒரு காப்பி மட்டும் இருந்தால் அது பேக்கப் ஆகாது. இன்னொரு டிஸ்கில் போட்டு வேறு இடத்தில், வீட்டு பீரோவிலாவது வையுங்கள். தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது.

சேலத்து வெயிலைப் பற்றி யூடியூப் ரிவ்யூக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து டெஸ்ட் செய்கிறவர்கள் அவர்கள். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடும். மாடி ஷீட் போட்ட அறையில் இருக்கும் ஸ்டுடியோவில் கேபினெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். இன்டெல் பிராசஸர் 100 டிகிரி தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர ரெண்டர் ஒன்றரை மணி நேரம் ஆவது இப்படித்தான். முன்பக்கம் கண்ணாடி போட்டு ஆர்ஜிபி மின்னுகிற கேபினெட்டுகளை நான் எடிட்டிங்குக்குப் பரிந்துரைப்பதே இல்லை. முன்னால் வலை, உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் தள்ள ஒன்று, நல்ல டவர் கூலர் ஒன்று. மேக்னசைட் சுரங்கப் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளைத் தூசி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றிக் கழுவுகிற டஸ்ட் ஃபில்டர் இருக்கிற கேபினெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். 1,500 மீட்டர் உயரத்தில் சூடு பிரச்சினை இல்லை, ஈரமும் இடியும்தான் பிரச்சினை. மழைக் காலத்தில் சிஸ்டத்தைத் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள். இடி இடித்தால் பவர் வயரோடு நெட் கேபிளையும் பிடுங்குங்கள். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தப்பித்து, நெட் கேபிள் வழியாக மதர்போர்டு போனதைப் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து குளிரோடு கொண்டுவந்த ஹார்டு டிஸ்கை உடனே மாட்டாமல் அரை மணி நேரம் அப்படியே விட்டுவையுங்கள்.

யுபிஎஸ் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும், தாங்குவது பொதுவாக 360 வாட்தான். ஐ7-13700 முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கும், 4070 கார்டு 200 வாட். மானிட்டரைச் சேர்க்காமலே தாண்டிவிட்டது. ரெண்டர் நடக்கும்போது கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். இந்த மாதிரி சிஸ்டத்துக்கு ஒரு கேவிஏ (1,000 விஏ) வாங்குங்கள். அதற்கும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9-ஐப் பழையதாக வாங்குகிறவர்கள் கவனிக்க: வோல்டேஜ் கோளாறால் இவற்றில் பல பழுதாயின. 2024 ஆகஸ்டில் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டது, பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. பயாஸ் அப்டேட் ஆகாமல் ஓடிய பிராசஸர் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பில்லில் 'எடிட்டிங் கம்ப்யூட்டர் 1' என்று ஒரே வரியாக எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு பார்ட்டும் முழு மாடல் பெயர், சீரியல் நம்பரோடு தனி வரியில் வர வேண்டும். 12400-க்கும் 12400எஃப்-க்கும் உள்ள வித்தியாசம் பில்லில் ஒரே ஒரு எழுத்துதான். மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன், உங்கள் கேமரா கிளிப்புகளை வைத்து ஒரு மணி நேர டைம்லைன் போட்டு, கேபினெட்டை மூடி, பகல் இரண்டு மணிக்கு ரெண்டர் விடுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவில் பிராசஸர் எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டே இருங்கள். 100-ஐத் தொட்டு வேகம் குறைந்தால், கூலரை மாற்றித் தரச் சொல்லிவிட்டு அப்புறம் மிச்சத்தைக் கொடுங்கள்.