பட்டை சேர்த்தால் பிரேக் சேராது

போடியில் விடிகாலை நாலரை மணிக்கெல்லாம் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் போய், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே வண்டியில் இறங்குவார்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை மகிந்திரா. அவற்றின் அடியில் படுத்து எழுந்துதான் 26 வருடமாக என் பட்டறை ஓடுகிறது.

இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. "மகிந்திராண்ணே, எதையும் தாங்கும்." வண்டி மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார்கள். எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இந்த வண்டி எந்த அளவு பாரத்துக்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அப்படிப் பேச வராது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வேண்டும், முதல் மாதிரியை 49 நாளில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பான்டம் என்ற சிறிய கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்துச் சில நாளில் வரைபடம் போட்டு, செப்டம்பர் 23-ல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆனால் பெரிய எண்ணிக்கையில் செய்து கொடுக்கும் வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் வெளியே வந்தன. ராணுவக் கணக்கில் அதன் பெயர் கால் டன் வண்டி. நல்ல ரோட்டில் ஏற்றலாம் என்று சொன்ன பாரம் ஏறக்குறைய 360 கிலோ. அதுதான் நம் ஜீப்பின் மூத்த தலைமுறை.

இந்தியக் கதை 1945-ல் தொடங்குகிறது. ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் இரும்பு வியாபாரம் ஆரம்பித்தார்கள். 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்து மும்பையில் பூட்டத் தொடங்கினார்கள். பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதி அமைச்சர் ஆனார். 1948-ல் கம்பெனி பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று மாறியது. பானெட் உயர்ந்த சி.ஜே.3பி மாடலை அமெரிக்காவில் 1968-லேயே நிறுத்திவிட்டார்கள். இங்கே அதே உடல்வாகு அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. எம்.எம்.540-ல் 2112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின் உட்கார்ந்தது. பிறகு நீளம் கூட்டிய கமாண்டர், அர்மடா, 2000-ல் பொலேரோ, 2010-ல் தார், 2020-ல் அடியோடு மாறிய புதுத் தார் என்று குடும்பம் பெருகியது.

மலைக்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏணி மாதிரி சேசிஸ், முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஆக்ஸில், நாலு மூலையிலும் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புத் தகடுகளான ஸ்பிரிங் பட்டை. எங்கே நின்றாலும் ஸ்பேனரும் ஜாக்கியும் இருந்தால் கழற்றிப் பூட்டிவிடலாம். என்னிடம் வரும் ஒரு ஏலக்காய் விவசாயி 540 வைத்திருக்கிறார். வண்டிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வருடா வருடம் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் வந்து நிற்பார். பிரேக் ஆயில் முழுதும் வடித்துப் புதிது, சக்கரத்துக்குள் இருக்கும் நாலு பிரேக் டிரம்மும் கழற்றிச் சுத்தம், சுழலும் தண்டின் மூட்டுகளான கிராஸ்களுக்கு கிரீஸ், கியர் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்ற பார்வை. அவ்வளவுதான். "அஞ்சு பேருக்கு மேல ஏத்த மாட்டேன் தம்பி, இது என் கூடவே கிழவனாகட்டும்" என்பார். அந்த வண்டிக்குப் பெரிய செலவு வந்து நான் பார்த்ததில்லை.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு டிரைவர் கமாண்டரைக் கொண்டுவந்தார். பின்பக்கம் தரையைத் தொடுகிறது, ரெண்டு பட்டை சேர்த்துப் போடுங்கண்ணே என்றார். போட்டேன். அப்போதெல்லாம் எல்லோருக்கும் போடுவேன். மூன்று மாதம் கழித்து அந்த வண்டி கிரேனில் தொங்கிக்கொண்டு வந்தது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் சமயோசிதமாகப் பாறைப் பக்கம் திருப்பி மோதியதால் பள்ளத்தில் போகவில்லை. உயிர் யாருக்கும் போகவில்லை. ஆனால் ஒரு அக்காவுக்கு வலது கை பழையபடி வரவேயில்லை. ஏலக்காய் கிள்ளுகிற கை அது. என் பட்டறை வழியாகத்தான் அவர் ரேஷன் கடைக்குப் போவார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்பார். எனக்குப் பதில் சொல்ல வாய் வராது.

அன்றைக்கு அந்த வண்டியின் டிரம்மைக் கழற்றினேன். டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் கருகிக் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி இருந்தது. அப்போதுதான் புத்தியில் ஏறியது. பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும். 18 பேர் ஏறினாலும் வண்டி தாழாது. ஓட்டுகிறவருக்கும் தெரியாது, எதிரே நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியாது. ஆனால் டிரம் அதே டிரம், லைனிங் அதே லைனிங், ஆக்ஸில் ஹவுசிங் அதே ஹவுசிங். பாரம் தெரியாமல் மறைப்பதைத் தவிர நான் போட்ட பட்டை வேறொன்றும் செய்யவில்லை. ஆளுக்கு 50 கிலோ என்று வைத்தாலும் 18 பேர் 900 கிலோ. கமாண்டர் பழைய வில்லிஸைவிடப் பெரிய வண்டிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் ஆர்.சி.யிலும் இருக்கை பத்து என்றுதானே எழுதியிருக்கிறது?

பிரேக் ஏன் கைவிடுகிறது என்பதை ஒவ்வொரு மலை டிரைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிரம் சூடேறும். அந்தச் சூடு வீல் சிலிண்டரில் இருக்கும் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். ஆயிலை அமுக்கினால் அது அமுங்காது, குமிழி அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதி எல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், பெடல் அடிவரை இறங்கும். காலையில் நன்றாகப் பிடித்த பிரேக் சாயங்காலம் ஒன்பதாவது வளைவில் காணாமல் போவது இப்படித்தான். வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்வது என் வருமானத்துக்காக அல்ல.

எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதையும் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்துவதையும் இன்றோடு விடுங்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவமும், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பும், நிற்கும். மிச்சம் இருப்பதில் ஒன்றிரண்டு மிதி தாங்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் வண்டியாக இருந்தால் ஸ்டியரிங்கும் இறுகும். பல டீசல் ஜீப்புகளில் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடுதான் சுற்றுகிறது. பெல்ட்டில் விரிசல் இருந்தால் அதையும் பிரேக் கோளாறாகவே எண்ணுங்கள்.

நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் போர்வீல் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. சமீபத்தில் புதுத் தார் வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். மழை நாளில் பிடிப்பு கிடைக்கும் என்று போடிமெட்டில் இருந்து கீழே வரை தார் ரோட்டில் போர்வீல் போட்டே இறங்கியிருக்கிறார். வளைவில் ஸ்டியரிங் இறுகியது, அடியில் டக் டக் என்று சத்தம். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். போர்வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றிலும் சரளையிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடம் இல்லாமல் அந்த முறுக்கு முழுதும் ஜாயிண்டுகளில் ஏறும். எல்லாவற்றையும்விட முக்கியம், எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. போர்வீல் ஏற உதவும், நிற்க உதவாது. தோட்டத்துக் கல் பாதையில் செங்குத்தாக இறங்க வேண்டியிருந்தால் போர்வீல் ராடை லோவில், அதாவது வேகம் குறைத்து இழுவை கூட்டும் நிலையில் போட்டு, முதல் கியரில், பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிட்டு ஊர்ந்து வாருங்கள். அதற்காகத்தான் அந்த ராடு இருக்கிறது.

அதே தம்பி டயரையும் பெரிதாக்கி, வண்டியை உயர்த்தியும் கட்டியிருந்தார். டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், பிரேக்குக்கு வேலை கூடும், வளைவில் சாய்வும் கூடும். 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் தார் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அது கம்பெனி விட்டபடி இருந்த வண்டிக்குக் கிடைத்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவும் ஆர்.சி.யில் உள்ளதை மாற்றக் கூடாது என்கிறது.

அதிகம் ஆள் ஏற்றினால் அதே சட்டத்தின் 194ஏ பிரிவில் கூடுதல் ஆள் ஒருவருக்கு 200 ரூபாய் அபராதம். இதைக் கேட்டு டிரைவர்கள் சிரிக்கிறார்கள், கட்டிவிடலாம் என்கிறார்கள். இன்சூரன்ஸைக் கேட்டால் சிரிப்பு வராது. இமாச்சலப் பிரதேசத்தில் 42 பேருக்கான பேருந்தில் 90 பேர் போய் விபத்தான வழக்கில், அனுமதித்த எண்ணிக்கைக்கு மட்டுமே இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிச்சப் பேருக்கு வண்டிக்காரர் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டும். பத்து இருக்கை வண்டியில் பதினெட்டாவதாக ஏறும் அக்காவுக்கு இது தெரியுமா? அவர் குடும்பத்துக்குத் தெரியுமா?

டிரைவர்கள் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அவர் தலையைத்தான் கூட்டுவார். தோட்டக்காரர்கள் வண்டிக்கு இவ்வளவு என்று பேசுங்கள், அல்லது ரெண்டு வண்டி விடுங்கள்.

போன வாரம் ஒரு கமாண்டர் டிரைவர் வந்து பட்டை கேட்டார். போட மாட்டேன் என்றேன். கோபப்பட்டார். டிரம்மைக் கழற்றி, கருகிய லைனிங்கை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லைனிங்கும் ஆயிலும் மாற்றி அனுப்பினேன். மறுநாள் விடிகாலை டீக்கடையில் நின்று அவர் வண்டியில் ஏறியவர்களை எண்ணினேன். எப்போதும் பதினெட்டு இருக்கும். அன்று பதினான்கு. இன்னும் நான்கு குறைய வேண்டும்.