வூஃபர்: நாய் குரைப்பும் மந்தர ஒலியும்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாக விசாரிப்பது, "வூஃபர் எத்தனை இன்ச்?" என்பதுதான். ஆங்கிலத்தில் 'வூஃப்' என்றால் நாயின் குரைப்பு. அடித்தொண்டையில் எழும் அந்தக் கனத்த ஓசையை வைத்து, தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஸ்பீக்கருக்கு வூஃபர் என்று பெயர் வந்தது. உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டர், குருவியின் 'ட்வீட்'டிலிருந்து வந்தது. நம்மூர் நாய் 'லொள்' என்றல்லவா குரைக்கிறது; பெயர் வைக்கும் வேலை நம்மிடம் வந்திருந்தால் 'லொள்ளான்' ஆகியிருக்கும்!

காந்தத்துக்குள் கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் விவரித்த இந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு அடிப்படை. 50 ஹெர்ட்ஸ் ஒலியைத் தர நிறையக் காற்றைத் தள்ள வேண்டும்; அதற்கு அகலமான கூம்பு தேவை. 10,000 ஹெர்ட்ஸுக்கோ நொடிக்குப் பத்தாயிரம் முறை அதிர வேண்டும். கனத்த கூம்பு அதற்கு வளைந்து கொடுக்காது. அதனால்தான் ஆளுக்கொரு வேலை.

டிவியின் சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கம் கேட்டால் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் பளிச்சென்று விழும். இடப்பக்கத் தொப்பியிலிருந்து வரும் 'தொம்' மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல இருக்கும். அடிப்படை ஒலி வராவிட்டாலும் அதோடு சேர்ந்தெழும் உயர்ந்த மேலொலிகளை வைத்து மூளை ஒருவாறு ஊகித்துக்கொள்ளும் என்பதால் குறை உறைப்பதில்லை. அதே பதிவை நல்ல வூஃபரில் போட்டுப் பாருங்கள். தொப்பியில் எழும் கும்கி என்ற நாதம் கீழிருந்து வழுக்கி மேலேறுவதும், தம்புராவின் மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ்தாயி 'ஸ') பாடகருக்குக் கீழே விரிந்து கிடப்பதும் தெரியும். இவை பதிவில் முன்பே இருந்தவைதான். ஆனால் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, மட்டும் கூட்டிவிட்டு வீடு அதிர வைப்பது வேறு விஷயம். அதில் பாட்டின் சொல்லே அமுங்கிப்போகும். மூலையில் தள்ளி வைத்த வூஃபர் தானாகவே கூடுதலாக உறுமும். கொஞ்சம் நகர்த்தினால் சரியாகிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழந்தமிழ் இசையில் மூன்று தானங்கள், அதாவது ஸ்தாயிகள்: கீழே மெலிவு, நடுவே சமன், மேலே வலிவு. 'மெலிவு' பொருத்தமான சொல்தான். ஆனால் இன்று 'மெலிவு ஒலிபெருக்கி' என்றால் சத்தம் வராத பெட்டி என்றே நினைப்பார்கள். 'ஒலிபெருக்கி'யிலும் ஒரு சிக்கல் உண்டு: பெருக்குவது ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மின்குறிப்பை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவே. ஆனாலும் ஊன்றிவிட்ட சொல்லை அசைப்பானேன்? கச்சேரி கேட்பவர்களுக்குப் பழகிய 'மந்தர'த்தைச் சேர்த்து 'மந்தர ஒலிபெருக்கி' எனலாம். ட்வீட்டருக்கு 'உச்ச ஒலிபெருக்கி' போதும். மந்தர ஸ்தாயிக்கும் கீழே உள்ளதை அனுமந்தரம் என்பார்கள். அப்படியானால் வூஃபரைவிடத் தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர், 'அனுமந்தர ஒலிபெருக்கி'. கடையில் மட்டும் வூஃபர் என்றே கேளுங்கள்.