கொக்கிப்புழுவை உடம்பு ஏன் துரத்துவதில்லை?

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே பால் வெட்டப் போகிறவர்களில் வெறுங்காலோடு நடப்பவர்களும் உண்டு. நிழலும் வெதுவெதுப்பும், இரண்டு பருவமழையிலும் நனைகிற மண்ணும் சேர்ந்த இடம், அதில் புழு உள்ள யாராவது வெளிக்கிருந்திருந்தால் கொக்கிப்புழுவின் இளம்புழுக்களுக்கு ரொம்ப வசதி. பாதத் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலின் சுவரைக் கடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்கும்.

சளிக் கிருமியை ஒரு வாரத்தில் விரட்டுகிற உடம்பு இதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது?

சும்மா விடுவதில்லை. பாக்டீரியாவை வெள்ளையணு விழுங்கிவிடும், ஆனால் ஒரு சென்டிமீட்டர் நீளப் புழுவை எப்படி விழுங்கும்? அதனால் வேறு வழி. குடல் சுவரில் டஃப்ட் செல் என்று ஒன்று இருக்கிறது. புழுவை மோப்பம் பிடித்து எச்சரிப்பது இதுதான் என்பது 2016-ல்தான் தெளிவானது. அந்த எச்சரிக்கையில் இன்டர்லூக்கின்-13 என்ற சமிக்ஞைப் புரதம் சுரந்து, குடலில் சளி கூடி, தசை வேகமாகச் சுருங்கிப் புழுவை வழுக்கித் தள்ளப் பார்க்கும். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வகை வெள்ளையணுக்கள் பெருகும். ஈசினோபில் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்தால் டாக்டர் புழுவையும் சந்தேகிப்பது இதனால்தான்.

புழுவின் பதிலடிதான் என்னை அசரவைப்பது. நம் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் அடக்கிவைக்க உடம்பிலேயே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் உண்டு. புழு தன் சுரப்புகளால் அவற்றைக் கூட்டிவிடுகிறது. எலிகளின் குடலில் வாழும் ஒரு புழு, நம் உடம்பின் அடக்கும் சமிக்ஞையான டிஜிஎஃப்-பீட்டா செய்கிற வேலையையே செய்யும் ஒரு புரதத்தைச் சுரப்பதை 2017-ல் கண்டுபிடித்தார்கள். அமைப்பில் இரண்டுக்கும் ஒற்றுமையே இல்லை, ஆனால் செல் ஏமாந்துவிடுகிறது.

யானைக்கால் புழுவும் இப்படித்தான் எதிர்ப்பை அடக்கி வாழ்கிறது. இரவு ரத்தத்தில் நுண்புழுக்கள் நிறைய ஓடுகிறவருக்குப் பெரும்பாலும் கால் வீங்கியிருக்காது, கால் வீங்கியவரின் ரத்தத்திலோ பல நேரம் புழுவே தென்படாது. ஆகவே தொந்தரவு இல்லை என்பதை வைத்துப் புழு இல்லை என்று நம்பாதீர்கள்.

இந்த அடக்குமுறை மற்றதையும் பாதிக்கும். எத்தியோப்பியாவில் குடல்புழு உள்ளவர்களுக்குப் புழு மருந்து கொடுத்தபின் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசிக்கு உடம்பு காட்டிய எதிர்வினை கூடியது. பள்ளியில் தரும் 400 மில்லிகிராம் அல்பென்டசோல் என்ற புழு மாத்திரையைக் குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று தவிர்க்க வேண்டாம். சரி, மாத்திரை போட்டாச்சு. அதன்பின் உடம்பு புழுவை முழுசாகத் தடுக்கக் கற்றுக்கொள்வதில்லை, அதே மண்ணில் செருப்பில்லாமல் நடந்தால் மறுபடியும் ஏறும்.