மோனேயின் பாப்பிப் பூக்கள் ஏன் அசைகின்றன?

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியம் ரொம்பச் சிறியது. உயரம் 50 செ.மீ., அகலம் 65 செ.மீ. அவ்வளவுதான். 1873-இல் அர்ஜான்தேய் ஊருக்குப் பக்கத்தில் பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே தீட்டிய பாப்பி வயல் அது. கோடைக்காலப் புல்வெளி, சரிவு முழுக்கச் சிவப்புப் பூக்கள், முன்னால் குடையோடு ஒரு பெண், கூடவே ஒரு குழந்தை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் பூக்கள் காற்றில் லேசாக ஆடுவதுபோல இருக்கும்.

ஆட்டம் நம் மூளையில் நடக்கிறது. அந்த ஓவியத்தின் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வண்ணத்தில் அப்படிப் பளிச்சென்று தெரிந்த பூக்களில் பல, புல்லோடு புல்லாகக் கரைந்துவிடும். சிவப்பும் பச்சையும் வேறுவேறு நிறங்கள். ஆனால் ஒளிர்வில், அதாவது எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன என்பதில், கிட்டத்தட்ட ஒன்று.

கண்ணிலிருந்து வரும் செய்தியை மூளை ஒரே வழியில் கையாள்வதில்லை. நிறத்தையும் பொருளின் அடையாளத்தையும் கவனிப்பது ஒரு பாதை. அசைவு, ஆழம், இருக்கும் இடம் இவற்றைக் கவனிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பாதைக்கு நிறம் ஏறக்குறைய தெரியாது. வெளிச்ச வேறுபாட்டை வைத்தே அது வேலை செய்கிறது. ஆகவே ‘இங்கே சிவப்பு இருக்கிறது’ என்று முதல் பாதை சொல்லும்போது, அது சரியாக எந்த இடத்தில் என்று இரண்டாவதால் உறுதிப்படுத்த முடியவில்லை. இடம் நிலைகொள்ளாத பூ அலைகிறது. 1872-இல் மோனே வரைந்த துறைமுகச் சூரியோதயத்தில் ஆரஞ்சுச் சூரியன் துடிப்பதற்கும் இதையே காரணமாகக் காட்டினார் ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன்.

சரி, சிவப்பு ஏன் இவ்வளவு சிவப்பாக இருக்கிறது? அதற்கு விடை ஒரு சாயப்பட்டறையில் கிடைத்தது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தபோது, வேதியியலாளர் ஷெவ்ரல் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருக்கும் நிறங்கள்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகின்றன என்று கண்டார். 1839-இல் அதை நூலாகவே எழுதினார். அவர் விதிப்படி, பச்சைக்குப் பக்கத்தில் வைத்த சிவப்பு இன்னும் சிவக்கும்.

மோனே இதழ்களை வரையவே இல்லை. வெறும் வண்ணத் தீற்றல்கள்தான். முன்னால் இருக்கும் பூக்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. எனக்கு அதில்தான் அவருடைய துணிச்சல் தெரிகிறது. ஓரம் கூர்மையாக இருந்திருந்தால் கண் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும்.

அந்தப் பெண்ணைப் பாருங்கள். அவளுடைய கருத்த உடைக்கும் புல்லுக்கும் ஒளிர்வில் நல்ல வேறுபாடு. அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். அவளைச் சுற்றிப் பூக்கள் மட்டும் ஆடுகின்றன.