கடைசி இரண்டு சென்டிமீட்டர்

ஃபைபர் எனப்படும் மெல்லிய கண்ணாடி இழை வழியாக வரும் லேசர் ஒளியை ஒரு சென்சாரில் விழவைத்து, அதன் திறனை மீட்டரில் அளப்பது எங்கள் வேலை. சிங்கப்பூர் ஜூரோங்கில் நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்துக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வேலைப்பயிற்சிக்கு ஒரு தம்பி வந்திருக்கிறார். போன வாரம் ஒரு மதியம் குறிப்பேட்டோடு வந்து நின்றார். "அண்ணே, காலையில மீட்டர் 8.2 மில்லிவாட் காட்டுச்சு. சாப்பிட்டு வந்து கேபிளை மறுபடி மாட்டினா 7.1. லேசர் போயிடுச்சா?"

முதலில் லேசரை அணைத்தோம். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஒளி ஓடிக்கொண்டிருக்கும் ஃபைபரின் முனையை எக்காரணம் கொண்டும் உற்றுப் பார்க்கக் கூடாது. அணைத்த பிறகுதான் முனையை நுண்ணோக்கியில் வைத்தேன். திரையில் 125 மைக்ரான் அகலமுள்ள கண்ணாடி வட்டம் தெரிந்தது. நடுவில் ஒளி ஓடும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்தப் பொட்டின் ஓரத்தை மறித்துக்கொண்டு ஒரு நார்த் துணுக்கு ஒட்டியிருந்தது. "எதால துடைச்சீங்க?" என்றேன். சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

லேசரிலும் கோளாறு இல்லை, மீட்டரிலும் இல்லை. ஃபைபர் முடியும் இடத்துக்கும் சென்சாரின் முகத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு சென்டிமீட்டர் காற்று. எங்கள் அளவீடுகள் தவறிப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

ஃபைபரை விட்டு வெளியே வரும் ஒளி, லேசர் சுட்டியின் ஒளியைப்போல ஒல்லியாக நேரே போகாது. வெளியே வந்ததுமே கூம்பு மாதிரி விரியும். எவ்வளவு விரியும் என்பதை 'என்.ஏ.' என்ற எண் சொல்கிறது. தடித்த ஃபைபர்கள் பலவற்றில் அது 0.22. அப்படியென்றால் மையக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 12.7 டிகிரி. 20 மில்லிமீட்டர் தூரத்தில் ஒளிவட்டம் 9 மில்லிமீட்டர் அகலமாகிவிடும். சென்சாரின் வாய் 10 மில்லிமீட்டர் என்றால் மயிரிழையில் அடங்கும். இன்னும் 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் ஓரத்து ஒளி வெளியே சிந்திவிடும், மீட்டரும் சத்தமில்லாமல் குறைத்துக் காட்டும்.

அதற்காக ஒட்டி வைக்கவும் கூடாது. 200 மைக்ரான் உள்ளகத்திலிருந்து 10 வாட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையிலேயே அந்த ஒளியின் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 32 கிலோவாட். சென்சாரின் கறுப்புப் பூச்சைப் பொசுக்க அது போதும். 20 மில்லிமீட்டர் விலகினால் அதே 10 வாட் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 16 வாட்டாகத் தணிந்துவிடும். ஃபைபரைச் சென்சாரோடு பிணைக்கும் அடாப்டர், பார்ப்பதற்குச் சாதாரண உலோக வளையம். ஆனால் இந்தத் தூரத்தையும் மையத்தையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடித்து வைப்பது அதுதான். கையால் பிடித்து அளந்த எண்ணை நான் குறிப்பேட்டில் ஏற்றவே விடமாட்டேன்.

கண்ணாடியை விட்டுக் காற்றுக்குள் நுழையும்போது சுமார் 3.5 சதவீத ஒளி முனையிலிருந்தே திரும்பிப் போய்விடும். ஒரு ஃபைபரை இன்னொரு ஃபைபரோடு கண்ணாடிக்குக் கண்ணாடி ஒட்டும்படி இணைத்தால் இந்த இழப்பு ஏறக்குறைய இருக்காது. சென்சாருக்கு முன்னால் காற்றுதான் இருக்கிறது என்பதால் இங்கே அது உண்டு. ஆகவே அடுத்த ஃபைபருக்குள் உண்மையில் போகப்போகும் ஒளியைவிட மீட்டர் காட்டுவது சற்றுக் குறைவாக இருக்கலாம். உங்கள் மீட்டரை அளவுதிருத்தம் செய்தபோது ஃபைபர் வழியாக வந்த ஒளியைக் கொடுத்தார்களா, ஃபைபர் இல்லாமல் காற்றில் வரும் திறந்த கற்றையைக் கொடுத்தார்களா என்று சான்றிதழில் பாருங்கள். பலர் புரட்டிக்கூடப் பார்க்காத பக்கம் அது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். சென்சாரின் பளபளப்பான முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி, ஃபைபர் முனையைப் பிடித்திருக்கும் கனெக்டரின் மினுக்கும் முகத்தில் மோதி மறுபடி சென்சாருக்கே வந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும். அதனால்தான் நல்ல அடாப்டர்களின் உட்புறம் கறுப்பாக இருக்கிறது. பச்சை நிற ஏபிசி (APC) வகைக் கனெக்டரில் முனையையே 8 டிகிரி சாய்த்துத் தேய்த்திருப்பார்கள். திரும்பும் ஒளி லேசருக்குள் போய்த் தொல்லை தராமல் இருக்க அது உதவும். ஆனால் சாய்வு காரணமாக ஒளி நேரே வராமல் 3.7 டிகிரி ஒதுங்கி வரும். 20 மில்லிமீட்டர் தூரத்தில் 1.3 மில்லிமீட்டர் விலகல். சிறிய சென்சாரில் அது விளிம்பைத் தொட்டுவிடும். பந்து வடிவ ஒருங்கிணைப்புக் கோளம் இருந்தால் ஒளி எந்தக் கோணத்தில் நுழைந்தாலும் உள்ளே பலமுறை சிதறிச் சீராகிவிடும், விலைதான் அதிகம்.

மீட்டரில் அலைநீளத்தைச் சரியாக வைக்க மறக்காதீர்கள். இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சார் 1550-இல் ஒரு வாட்டுக்குச் சுமார் 1 ஆம்பியர் மின்னோட்டம் தரும். 850-இல் அதைவிட மிகக் குறைவு. அமைப்பு மாறியிருந்தால் எண் பல மடங்கு பிசகும்.

நம்மூருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்கிறதல்லவா? குளிர்ந்த கனெக்டரைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போனால் அதன் முனையிலும் அதுதான் நடக்கும். மூடியைப் போட்டே எடுத்துப் போக வேண்டும். வெளியிடத்தின் வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

தம்பியிடம் நார் உதிராத துடைப்பானைக் கொடுத்தேன். ஒரே திசையில், ஒரு முறை துடைக்கச் சொன்னேன். நுண்ணோக்கியில் வட்டம் பளிச்சென்று தெரிந்தது. லேசரைப் போட்டதும் 8.19. "எழுதிக்கவா அண்ணே?" என்றார். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னேன். 8.22. இன்னொரு முறை, 8.20. மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் அவற்றின் வித்தியாசத்தையும் அவரே குறித்துக்கொண்டார்.